வெட்ஜில் பொறித்த எண்ணும் பந்து விழும் இடமும்

1970-களில் விற்ற பிட்சிங் வெட்ஜ் ஒன்றையும் இன்று கடையில் இருக்கும் பிட்சிங் வெட்ஜ் ஒன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், பெயரைத் தவிர இரண்டுக்கும் பெரிய உறவு இருப்பதாகத் தெரியாது. அன்றைய மட்டையின் முகம் ஏறத்தாழ 50 டிகிரி பின்னால் சாய்ந்திருந்தது. இன்று சாதாரண ஆட்டக்காரர்களுக்கென்று விற்கும் செட்டுகளில் அது 43, 44 டிகிரி. சிலவற்றில் 41 டிகிரிகூட உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன் ஏறத்தாழ 8-ஆம் எண் அயர்னுக்கு இருந்த சாய்வு இது. இந்தச் சாய்வைத்தான் கோல்ஃப் ஆடுகிறவர்கள் லாஃப்ட் என்கிறார்கள். மட்டையின் முகம் நிமிர நிமிரப் பந்து தாழ்வாகவும் தொலைவாகவும் போகும். சாயச் சாய உயர எழும்பி அருகிலேயே விழும். பிட்சிங் வெட்ஜ் இப்படி ஆண்டுக்காண்டு நிமிர்ந்துகொண்டே வந்தது. அடுத்த மட்டையான சாண்ட் வெட்ஜ் மட்டும் பழைய 55, 56 டிகிரியிலேயே நின்றுவிட்டது. நடுவில் விழுந்த பள்ளத்தை நிரப்பப் புதுப்புது வெட்ஜ்களை வாங்கச் சொல்கிறது சந்தை. வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: கையில் உள்ள வெட்ஜ்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போகின்றன என்று அளந்து, தேவைப்படும் இடத்தில் ஒன்றிரண்டு டிகிரி வளைத்துக்கொள்வது. பெரும்பாலோருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது என்பதே என் வாதம்.

கோல்ஃப் ஆடாதவர்களுக்காகச் சற்று விளக்கம். ஒரு ஆட்டக்காரர் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். 1930-களில் அமெரிக்காவின் லாசன் லிட்டில் போன்றவர்கள் 25-க்கு மேல் மட்டைகளைச் சுமக்கவைத்து ஆடினார்கள். பையைத் தூக்கும் கேடிகளின் தோள் ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு தூரத்துக்கும் தனி மட்டை என்றால் ஆட்டக்காரரின் திறமைக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுந்தது. 1938-இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் அடுத்த ஆண்டு பிரிட்டனின் ஆர் அண்டு ஏ அமைப்பும் 14 என்று வரம்பு கட்டின. அந்த வரம்பு இன்றும் மாறவில்லை. 14-இல் டிரைவர், மரமட்டை வகைகள், அயர்ன்கள், பட்டர் எல்லாம் போக வெட்ஜ்களுக்குக் கிடைப்பது மூன்று அல்லது நான்கு இடம். பிட்சிங் வெட்ஜ், கேப் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், லாப் வெட்ஜ் என்று சாய்வு கூடிக்கொண்டே போகும் குடும்பம் இது. கொடி நடப்பட்டிருக்கும் புல்வெளித் தளமான கிரீனுக்கு ஏறத்தாழ 120 கஜத்துக்குள் வந்துவிட்டால் பெரும்பாலான அமெச்சூர்களுக்கு இந்த நான்கில் ஒன்றுதான் துணை. முழு வீச்சில் அடித்தால் ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு தூரம் உண்டு. அந்தத் தூரங்கள் படிக்கட்டு மாதிரி சீரான இடைவெளியில் இறங்க வேண்டும். ஒரு படி இரண்டு மடங்கு ஆழமாக இருந்தால், அந்த இடைவெளியில் பந்து கிடக்கும் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர் திண்டாட வேண்டியதுதான்.

இந்தப் பள்ளம் எப்படி விழுந்தது என்பதற்கு வெட்ஜ்களின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நவீன சாண்ட் வெட்ஜுக்கு உரு கொடுத்தவர் அமெரிக்க வீரர் ஜீன் சாராசென். கூர்மையான அடிவிளிம்பு கொண்ட பழைய நிப்ளிக் மட்டைகள் பங்கர் எனப்படும் மணல்குழிகளில் புதைந்து சிக்கிக்கொள்ளும். விமானம் மேலெழும்போது அதன் வால்பகுதி தாழ்வதைக் கவனித்த சாராசெனுக்கு, மட்டையின் அடிப்பகுதியிலும் பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருந்தால் என்ன என்று தோன்றியதாம். நிப்ளிக்கின் அடியில் ஈயப்பற்று வைத்துப் பின்விளிம்பைத் தடிமனாக்கினார். மட்டை மணலுக்குள் இறங்காமல் வழுக்கிக்கொண்டு போனது. 1932-இல் பிரிட்டிஷ் ஓபனிலும் அதே மாதம் அமெரிக்க ஓபனிலும் அவர் வென்றபோது இந்த மட்டை பையில் இருந்தது. இங்கே நமக்கு வேண்டியது ஒன்று: சாண்ட் வெட்ஜ் மணலில் வேலை செய்வதற்காகப் பிறந்தது. எவ்வளவு தூரம் போகிறது என்று சொல்லி அதை யாரும் விற்பதில்லை. எனவே அதன் லாஃப்டை மாற்றும் அவசியம் எந்த உற்பத்தியாளருக்கும் வரவில்லை. பிட்சிங் வெட்ஜோ அயர்ன் செட்டின் கடைக்குட்டி. செட்டை விற்கும் வாக்குறுதியே “பழையதைவிட 10 கஜம் கூடுதல்” என்பதுதான். 7-ஆம் எண் அயர்னை நிமிர்த்தினால் 8-ஐயும் 9-ஐயும் பிட்சிங் வெட்ஜையும் சேர்த்தே நிமிர்த்தியாக வேண்டும். அன்று ஐந்தாறு டிகிரியாக இருந்த இடைவெளி இப்படித்தான் 12, 13 டிகிரியானது. மறுமுனையில், நாசாவில் பணியாற்றிய இயற்பியலாளர் டேவ் பெல்ஸின் யோசனைப்படி டாம் கைட் 1980-வாக்கில் 60 டிகிரி வெட்ஜைப் பையில் சேர்த்துக்கொண்டார். லாப் வெட்ஜ் பரவத் தொடங்கியது அதற்குப் பிறகு.

இதை மோசடி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இன்றைய அயர்ன்களின் எடை தலையின் அடிப்பகுதிக்கும் பின்பக்கத்துக்கும் தள்ளப்பட்டிருக்கிறது. முகத் தகடு மெல்லியது. அதே 43 டிகிரியில் பழைய மட்டை அனுப்பியதைவிட உயரமாகவும் வேகமாகவும் இது பந்தை அனுப்பும். லாஃப்டைக் குறைக்காமல் விட்டிருந்தால் பந்து தேவைக்கு மேல் உயரம் போய்த் தூரத்தை இழக்கும். பொறியியலாக இது நியாயம். அதே முத்திரையைப் புதிய மட்டையிலும் பொறித்து, “உங்கள் பிட்சிங் வெட்ஜ் இப்போது கூடுதல் தூரம் போகிறது” என்று விற்பதில் அந்த நியாயம் இல்லை. ஊருக்கு ஊர் படி அளவு வேறாக இருந்த காலத்தில், எந்த ஊர்ப் படி என்று கேட்காமல் அரிசி வாங்கியவர் ஏமாந்திருப்பார். வெட்ஜின் பெயரும் இன்று அப்படிப்பட்ட அளவுதான். ஒரு நிறுவனத்தின் பிட்சிங் வெட்ஜ் இன்னொரு நிறுவனத்தின் 9-ஆம் எண் அயர்னோடு சமமாக இருக்கலாம். ஒரே நிறுவனத்திலேயே தொழில்முறை வீரர்களுக்கான செட்டில் 46 டிகிரியும், புதியவர்களுக்கான செட்டில் 43 டிகிரியும் ஒரே பெயரில் விற்கின்றன.

தூர இடைவெளி சீராக இல்லாவிட்டால் என்ன நஷ்டம்? ஊகத்தை விட்டுக் கணக்குக்கு வருவோம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி, அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றான பிஜிஏ டூரின் லட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்து, எந்த இடத்திலிருந்து குழிக்குள் பந்தைச் சேர்க்கச் சராசரியாக எத்தனை அடி தேவைப்படுகிறது என்று அட்டவணை போட்டவர். அந்த வீரர்கள் 8 அடி தூரத்திலிருந்து குழியில் பந்தைத் தட்டச் சராசரியாக 1.50 தடவை அடிக்கிறார்கள். 20 அடியிலிருந்து 1.87. 33 அடியிலிருந்து சரியாக 2. இப்போது ஒரு ஆட்டக்காரரின் இரண்டு வெட்ஜ்களுக்கு நடுவே 22 கஜப் பள்ளம் இருப்பதாகக் கொள்வோம். கொடி அந்தப் பள்ளத்தின் நட்டநடுவில் இருந்தால், எந்த மட்டையைக் கச்சிதமாக அடித்தாலும் பந்து 11 கஜம் முன்னேயோ பின்னேயோ நிற்கும். 11 கஜம் என்பது 33 அடி. பள்ளத்தை 14 கஜமாகச் சுருக்கினால் மோசமான நிலையிலும் 21 அடி. அடிக்கும் தடவைகளின் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். இவ்வளவுதானா என்று கேட்கலாம். பந்து கிரீனில் நின்றால் இவ்வளவுதான். ஆனால் 11 கஜம் குறைந்தால் பெரும்பாலும் பந்து கிரீனில் நிற்பதில்லை. கொடி முன்பக்கம் இருக்கும் நாளில் அது முன்னாலுள்ள பங்கரில் விழும். புரோடியின் அட்டவணையில் 20 கஜத்துப் பங்கரிலிருந்து தொழில்முறை வீரருக்கே 2.53 அடி தேவை. 21 அடியிலிருந்து தேவைப்படும் 1.88-க்கும் பங்கரின் 2.53-க்கும் உள்ள வித்தியாசம் அரைத் தடவைக்கு மேல். மணலிலிருந்து ஒரே அடியில் வெளியே வருவதையே சாதனையாக நினைக்கும் வார இறுதி ஆட்டக்காரருக்கு நஷ்டம் இதைவிடப் பெரிது.

இங்கே எழும் ஆட்சேபனைகளில் வலுவானது ஒன்று உண்டு. பிஜிஏ டூர் வீரர்களே 100 முதல் 125 கஜத்திலிருந்து அடித்தால் பந்து குழியிலிருந்து சராசரியாகச் சுமார் 20 அடி தள்ளித்தான் நிற்கிறது. சாதாரண ஆட்டக்காரரின் சிதறல் அதைவிடப் பல மடங்கு. ஒரே மட்டையால் அடித்த பத்துப் பந்துகள் 25 கஜ நீளத்துக்குப் பரவிக் கிடக்கும்போது, இரண்டு மட்டைகளின் நடுவே ஏழெட்டு கஜத்தைச் சீர்செய்து என்ன ஆகப்போகிறது? கேள்வி நியாயமானது, ஒரு எல்லைவரை பதிலும் இல்லை. பந்தை நடுமுகத்தில் அடிக்கவே இன்னும் பழகாதவர் லாஃப்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணம் அவருக்கு அதிகப் பலன் தரும். ஆனால் ஓரளவு பழகியவரின் சிதறலைக் கூர்ந்து பார்த்தால் அதில் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று, கை செய்யும் பிழை; அது நாளுக்கு நாள் மாறும். மற்றது, மட்டை செய்யும் பிழை; அது ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் இழுக்கும். முதலாவதைப் பயிற்சி மட்டுமே குறைக்கும். இரண்டாவதைப் பட்டறையில் ஒரே நாளில் நீக்கிவிடலாம். அதோடு, இடைவெளி கையின் பிழையையும் வளர்க்கிறது. 99 கஜத்தில் நிற்கும் ஒருவரிடம் 110 கஜ மட்டையும் 88 கஜ மட்டையும் மட்டுமே இருந்தால், பெரும்பாலோர் 88 கஜ மட்டையை எடுத்து மல்லுக்கட்டி வீசுகிறார்கள். லாஃப்ட் அதிகமுள்ள மட்டையில் கூடுதல் பலம் முழுவதும் தூரமாக மாறாது; உயரமாகவும் பின்சுழற்சியாகவும் கணிசமான பங்கு போய்விடும். வீச்சு குலைந்ததால் பந்து முகத்தின் நடுவிலும் படாது. இயல்பாக வீசினால் நன்றாக அடிக்கக்கூடியவரைக் கெட்ட அடிக்குத் தள்ளுவது அந்த இடைவெளி.

“முழு வீச்சுத் தூரத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை? அரை வீச்சு, முக்கால் வீச்சு பழகிக்கொண்டால் போதாதா?” என்பது அடுத்த ஆட்சேபனை. இதற்கும் பெல்ஸையே மேற்கோள் காட்டுவார்கள். இடது கையைக் கடிகார முள்ளாகப் பாவித்து, ஏழரை, ஒன்பது, பத்தரை என்று மூன்று நிலைகள்வரை மட்டையைப் பின்னால் தூக்கி அடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நான்கு வெட்ஜ், மூன்று வீச்சு என்றால் கைவசம் 12 தூரங்கள். அருமையான முறை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த முறையே வெட்ஜ்களின் லாஃப்ட் சீராக இருப்பதன்மேல் நிற்கிறது. அடிப்படைத் தூரங்கள் கோணலாக இருந்தால் அவற்றின் முக்கால் தூரங்களும் கோணலாகவே இருக்கும். ஓரிடத்தில் இரண்டு மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், இன்னோரிடத்தில் ஒன்றுமே இருக்காது. வாரம் முழுக்கப் பயிற்சி செய்யும் தொழில்முறை வீரருக்குக் கடிகார முறை கைவந்த கலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறவர் திரும்பத் திரும்ப நம்பக்கூடிய ஒரே வீச்சு அவருடைய இயல்பான முழு வீச்சு. மட்டைகள் அந்த வீச்சுக்கு ஏற்றபடி அமைய வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்க்கலாம். நம்மூர் ஆட்டக்காரர்களிடமும் பரவலாகக் காணப்படும் வெட்ஜ் அணி 52, 56, 60 டிகிரி. பிட்சிங் வெட்ஜ் 48 டிகிரியாக இருந்த காலத்தில் இது கச்சிதமான ஏற்பாடு. நான்கு நான்கு டிகிரியாக ஏறும். இன்று ஒருவர் புது அயர்ன் செட் வாங்குகிறார், அதில் பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரி. பழைய மூன்று வெட்ஜ்களையும் அப்படியே வைத்துக்கொள்கிறார். வெட்ஜ்களில் ஒரு டிகிரிக்கு இரண்டு முதல் மூன்று கஜம் என்பது பொதுவான மதிப்பீடு. அவருடைய பிட்சிங் வெட்ஜ் 110 கஜம் போனால், 52 டிகிரி ஏறத்தாழ 88 கஜமும் 56 டிகிரி 77 கஜமும் 60 டிகிரி 65 கஜமும் போகும். இடைவெளிகள் 22, 11, 12. முதல் படி மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு. கடைக்காரர் 48 டிகிரியில் இன்னொரு வெட்ஜ் வாங்கச் சொல்வார். வாங்கினால் 14 என்ற வரம்புக்காக ஒரு ஹைப்ரிட் மட்டையையோ நீள அயர்னையோ பையிலிருந்து எடுக்க வேண்டிவரும். அதற்குப் பதிலாக பிட்சிங் வெட்ஜை ஒரு டிகிரி சாய்த்து 45 ஆக்கலாம். 52-ஐ இரண்டு டிகிரி நிமிர்த்தி 50 ஆக்கலாம். 56-ஐ ஒரு டிகிரி நிமிர்த்தி 55 ஆக்கலாம். 60-ஐத் தொட வேண்டாம். இப்போது 45, 50, 55, 60. தூரங்கள் ஏறத்தாழ 107, 93, 80, 65. இடைவெளிகள் 14, 13, 15. புது மட்டை எதுவும் வாங்கவில்லை, பழையது எதையும் தூக்கிப் போடவும் இல்லை. பிட்சிங் வெட்ஜைச் சாய்த்ததால் 9-ஆம் எண் அயர்னோடு அதற்குள்ள இடைவெளி சற்றுக் கூடும். அதையும் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

இந்த எண்கள் ஒரு மாதிரிக்காகத்தான். லாஃப்ட் சமமாக ஏறினால் தூரமும் சமமாக இறங்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. செட்டோடு வரும் பிட்சிங் வெட்ஜ் பெரும்பாலும் உட்குழிவானது, எடை விளிம்பில் இருக்கும்; தனியாக வாங்கும் வெட்ஜ் கட்டியான பழைய வடிவம். மட்டையின் தண்டான ஷாஃப்டின் எடையும் நீளமும் வேறாக இருக்கலாம். இரண்டையும் ஒரே லாஃப்டில் அடித்தாலும் தூரம் ஒன்றாக இருக்காது. ஆளுக்கு ஆள் வீச்சும் மாறும்: கையை முன்னால் தள்ளி மட்டையை நிமிர்த்தி அடிப்பவருக்குப் பொறித்த 56 டிகிரி, பந்தில் படும் கணத்தில் 45-க்கும் கீழே வந்துவிடலாம், மணிக்கட்டைத் தளர்த்தி அள்ளி அடிப்பவருக்கு நேர்மாறு. டிகிரி எவ்வளவு என்பது தொடக்கக் குறிப்பு. தீர்ப்பு சொல்ல வேண்டியது கஜம். எத்தனை கஜ இடைவெளி வேண்டும் என்பதற்கு ஒரு அளவுகோலும் இருக்கிறது. ராடார் மூலம் பந்தின் பறத்தலை அளக்கும் ட்ராக்மேன் நிறுவனம் வெளியிட்டு, நெடுநாள் மேற்கோள் காட்டப்பட்ட சராசரிகளில், பிஜிஏ டூர் ஆண்கள் 9-ஆம் எண் அயர்னை 148 கஜமும் பிட்சிங் வெட்ஜை 136 கஜமும் பறக்கவிடுகிறார்கள். எல்பிஜிஏ பெண்களுக்கு அது 119, 107. தூரம் ஏறக்குறைய 30 கஜம் வேறு. இடைவெளி இருவருக்கும் ஒன்றே, 12 கஜம். மெதுவாக வீசுகிறவருக்கு இடைவெளி சற்றுக் குறையலாம் என்றாலும், 10-லிருந்து 15 கஜத்துக்குள் சீராக வைத்துக்கொள்வது எட்டக்கூடிய இலக்கு.

அளப்பதில் கவனம் வேண்டும். பந்து தரையில் விழும்வரை பறந்த தூரத்தையே எடுக்க வேண்டும். உருண்டு நின்ற இடத்தை எடுத்தால் தரையின் ஈரம், சரிவு எல்லாம் கணக்கில் புகுந்துவிடும். பயிற்சி மைதானத்தில் கொடுக்கும் பந்துகள் பெரும்பாலும் தேய்ந்தவை, தூரம் குறைத்துத் தயாரித்தவையும் உண்டு. போட்டியில் எந்தப் பந்தை அடிக்கிறோமோ அதிலேயே அளப்பது நல்லது. பிளாஸ்டிக் விரிப்பின்மேல் அடித்தால், பந்துக்கு முன்னாலேயே தரையில் பட்ட அடிகூட வழுக்கிக்கொண்டு போய் நல்ல அடியாகத் தோன்றும். புல்லில் அடித்து அளப்பதே மெய். ஒவ்வொரு மட்டையாலும் பத்துப் பந்தாவது அடித்து, நடுமுகத்தில் படாதவற்றை ஒதுக்கிவிட்டு, மீதமுள்ளவற்றின் நடுத்தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை அடித்த பிரமாதமான அடியை அந்த மட்டையின் தூரம் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கத்தால்தான் இத்தனை பந்துகள் கிரீனை எட்டாமல் விழுகின்றன.

வளைக்கும் வேலை எளிமையானது. லாஃப்ட்-லை மெஷின் என்ற கருவியில் மட்டையின் தலையை அசையாமல் இறுக்கிப் பூட்டுவார்கள். பக்கத்தில் கோணமானி இருக்கும். முகத்தில் அதைப் பொருத்தினால் உண்மையான லாஃப்ட் தெரியும். பிறகு ஹோசல் எனப்படும் கழுத்தில், அதாவது ஷாஃப்ட் தலைக்குள் செருகப்படும் குழாய்ப் பகுதியில், ஒரு கம்பியை மாட்டி அழுத்துவார்கள். முகமும் அடிப்பாகமும் மாறுவதில்லை, கழுத்து மட்டும் வளைகிறது. எஃகு கொஞ்சம் மீண்டு எழும் என்பதால் குறித்த கோணத்தைக் கொஞ்சம் தாண்டி அழுத்தி, விட்டுப் பார்த்து, மறுபடி அளப்பார்கள். சூடாக்குவது கிடையாது. கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு மட்டைக்குச் சில நிமிடங்கள் போதும். மென்மையான கார்பன் எஃகை அடித்துச் செய்த வெட்ஜ்கள் இதற்கு எளிதில் இணங்கும். ஆனால் 17-4 என்ற வகைத் துருப்பிடிக்காத எஃகில் வார்த்த தலைகள் முரட்டுத்தனமானவை. புதியவர்களுக்கான செட்டோடு வரும் பிட்சிங் வெட்ஜ் பெரும்பாலும் இந்த இனம். அவற்றில் ஒரு டிகிரிக்கு மேல் கேட்பது கழுத்து முறியும் அபாயத்தைக் கேட்பது. எந்த உலோகமானாலும் இரண்டு டிகிரியோடு நிறுத்திக்கொள்வது தொழிலில் உள்ளவர்களின் பொது வழக்கம்.

பட்டறையில் முதன்முறையாகத் தம் வெட்ஜ்களை அளக்கக் கொடுத்தவர்கள் அதிர்ச்சி அடைவது வழக்கம். தொழிற்சாலையில் ஒரு டிகிரி கூடுதல் குறைவு அனுமதிக்கப்பட்ட பிசகு. 50 என்று பொறித்தது 51 ஆகவும் 54 என்று பொறித்தது 53 ஆகவும் வந்திருந்தால், நான்கு டிகிரி வித்தியாசம் என்று நம்பி வாங்கிய இரண்டு மட்டைகளுக்கு நடுவே இருப்பது இரண்டே டிகிரி. இரண்டும் ஐந்தாறு கஜத்துக்குள் விழும். ஆட்டக்காரர் தம் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். மென்மையான எஃகு மட்டைகள் ஆடஆடவும் நகரும். இறுகிய தரையிலும் விரிப்பின்மேலும் ஆயிரக்கணக்கில் அடித்தால் கோணம் மெல்ல விலகும். தொழில்முறைச் சுற்றுகளில் வீரர்கள் லாஃப்டை அடிக்கடி சரிபார்ப்பது இதனால்தான். அளக்கும்போதே லை எனப்படும் மற்றொரு கோணத்தையும், அதாவது ஷாஃப்ட் தரையோடு செய்யும் கோணத்தையும் பார்க்கச் சொல்லலாம். லாஃப்ட் கூடக்கூட இந்தக் கோணத்தின் பிசகு திசையில் அதிகமாகத் தெரியும். வலக்கை ஆட்டக்காரரின் வெட்ஜ் முனை தூக்கிக்கொண்டிருந்தால் பந்து இடப்பக்கம் இழுக்கும்.

வளைப்பதற்கு விலையாக நாம் இழப்பது பவுன்ஸ். சாராசென் ஈயம் வைத்துப் பெற்ற அந்தப் பின்விளிம்புத் தாழ்வுக்கு இன்றைய பெயர் அது. இதுவும் டிகிரியில் அளக்கப்படுகிறது. தலை முழுவதும் ஒன்றாகத் திரும்புவதால், லாஃப்டை ஒரு டிகிரி நிமிர்த்தினால் பவுன்ஸ் ஒரு டிகிரி குறையும். ஒரு டிகிரி சாய்த்தால் ஒரு டிகிரி கூடும். 12 டிகிரி பவுன்ஸ் கொண்ட 56 வெட்ஜ் 55 ஆகும்போது 11. பங்கரில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 6 டிகிரி மட்டுமே பவுன்ஸ் கொண்ட வெட்ஜை இரண்டு டிகிரி நிமிர்த்தினால் கதை வேறு. நான்கு டிகிரியில் முன்விளிம்பு கத்தியாகிவிடும். வெயிலில் இறுகிய தரையில் அது நன்றாகவே வேலை செய்யும். மழைக்காலத்து இளகிய மண்ணிலும் மிருதுவான மணலிலும் புதைந்துபோகும். ஆகவே வெட்ஜை வளைக்க நினைப்பவர் அதன் லாஃப்ட் எண்ணோடு பவுன்ஸ் எண்ணையும் பார்க்க வேண்டும். நிமிர்த்த வேண்டிய மட்டைக்குப் பவுன்ஸ் தாராளமாக இருக்க வேண்டும். சாய்க்க வேண்டிய மட்டைக்கு ஏற்கெனவே பவுன்ஸ் அதிகமாக இருந்தால், இறுகிய தரையில் அது எகிறிப் பந்தின் நடுவயிற்றில் அடிக்கும். இந்த ஆட்சேபனை உண்மையானது. வளைப்பதற்கு எதிரான வாதமாக அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு டிகிரி எல்லையை மீறாதே என்பதற்கான இன்னொரு காரணம் அது, அவ்வளவே. எல்லைக்குள் அடங்காத பள்ளம் உள்ளவர்கள், உதாரணமாக 41 டிகிரி பிட்சிங் வெட்ஜுக்கு அடுத்து நேரே 56 வைத்திருப்பவர்கள், புது மட்டை வாங்கியே தீர வேண்டும். அவர்கள்கூட முதலில் அளந்துவிட்டு வாங்கினால் எந்த எண்ணை வாங்குவது என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டியிராது.

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற மலை மைதானங்களில் ஆடப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றும் உண்டு. 2,000 மீட்டர் அளவிலான உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதலாகப் பறக்கும். சென்னையில் 100 கஜம் போகும் அடி அங்கே ஏழெட்டு கஜம் தாண்டிவிடலாம். அதற்காக லாஃப்டைத் திருத்த வேண்டாம். எல்லா வெட்ஜ்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் நீளுவதால் இடைவெளிகளின் சீர் கெடுவதில்லை. மனக்கணக்கில் கழித்துக்கொண்டால் போதும்.

வளைப்பதற்கு விதிகளில் தடை எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர: சுற்று தொடங்கிய பிறகு மட்டையின் தன்மையை வேண்டுமென்றே மாற்றி, அந்த மட்டையால் அடிப்பது கோல்ஃப் விதி 4.1-இன்படி குற்றம். எனவே பட்டறைக்குப் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பே போங்கள். அயர்ன் செட் மாற்றிய ஒவ்வொரு முறையும், மாற்றாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறையும், வெட்ஜ்கள் எல்லாவற்றையும் 9-ஆம் எண் அயர்னோடு சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் சொல்லும் டிகிரிகளையும் மைதானத்தில் நீங்கள் அளந்த கஜங்களையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். எந்த மட்டையைத் தொட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் ஐந்தாவது வெட்ஜுக்குப் பணம் கட்டாதீர்கள்.